ஆன்லைன் வகுப்பில் நோயாளியும் இருக்கிறார்: வடசென்னை மருத்துவ, நர்சிங் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் தங்கி எம்.பி.பி.எஸ்., நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, லேப் டெக்னாலஜி படிக்கிறவர்கள் ஆன்லைன் வகுப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும். உங்கள் கல்லூரி விதி வேறு மாதிரி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

கொரோனா முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இதெல்லாம்?

2020 மார்ச் ஊரடங்கில் அவசரமாக ஆரம்பித்த பழக்கம் அது. கல்லூரி திறந்த பிறகும் முழுசாகப் போகவில்லை. வெளியூர் நிபுணரின் சிறப்பு வகுப்பு, பரீட்சைக்கு முந்தைய இரவு ரிவிஷன், சீனியர்கள் நடத்தும் கேஸ் டிஸ்கஷன், வடகிழக்குப் பருவமழை விடுமுறை என்று ஏதோ ஒரு காரணத்துக்கு லிங்க் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஊரடங்கு காலத்தில் "எப்படியாவது வகுப்பு நடந்தால் சரி" என்று பல விஷயங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டோம். இப்போது அப்படி விட வேண்டிய அவசியம் இல்லை.

மற்ற மாணவர்களுக்கும் எங்களுக்கும் இதில் என்ன வித்தியாசம்?

வணிகவியலோ வரலாறோ படிக்கிறவர்கள் வகுப்பில் ஆசிரியரும் மாணவரும்தான் இருப்பார்கள். நம் வகுப்பில் கூடவே நோயாளியும் இருக்கிறார். ஸ்லைடில் எக்ஸ்ரேயாக இருக்கிறார், கேஸ் ஷீட்டாக இருக்கிறார், சில நாள் வீடியோவிலேயே நேரில் வருகிறார். தன்னைப் பற்றி யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

வடசென்னையில் இது இன்னும் நெருக்கமான விஷயம். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கும், ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனைக்கும், தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கும் திருவள்ளூர் பக்கமிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், உண்மைதான். ஆனாலும் வருகிறவர்களில் நிறையப் பேர் இந்தச் சுற்றுவட்டாரத்து ஜனம். உங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா அங்கே பிரசவத்துக்குப் போயிருக்கலாம். ஹவுசிங் போர்டு பிளாக்கில் கீழ்வீட்டு அண்ணன் டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இன்று வகுப்பில் பேசப்போகும் கேஸ் அவர்களுடையதாகவே இருக்கலாம். அதனால்தான் கேமரா, மியூட், உடை எல்லாவற்றையும் நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். நோயாளியின் மானம்தான் முதலில்.

வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு வகுப்பு கேட்கலாமா?

சாதாரண தியரி வகுப்பு என்றால் பரவாயில்லை. கேஸ் பேசும் வகுப்பு என்றால் இயர்போன் கட்டாயம். ஒரே அறையில் அம்மா காய் நறுக்கிக்கொண்டு இருப்பார், தம்பி வீட்டுப்பாடம் எழுதுவான், பக்கத்து வீட்டு ஆயா கதவோரம் உட்கார்ந்திருப்பார். ஆசிரியர் "கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த இருபத்தெட்டு வயதுப் பெண், இரண்டாவது கருக்கலைப்புக்குப் பிறகு" என்று ஆரம்பித்தால் அது யார் என்று அங்கேயே ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். புளூடூத் இயர்போன் தேவையில்லை. பழைய வயர் இயர்போன் போதும், பாதி வகுப்பில் சார்ஜும் தீராது.

காதில் மாட்டியிருந்தாலும் திரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். தோல் நோய், மகப்பேறு, சிறுநீரகவியல் வகுப்புகளில் வரும் படங்களை வீட்டுக் குழந்தைகள் பார்க்கும்படி வைக்கக் கூடாது. சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தால் பின்னால் யாரும் நிற்க முடியாது. இடம் செலவில்லாத நல்ல வழி.

கேமரா கட்டாயமா? எங்கள் வீடு ஒரே அறை.

இந்தக் கேள்வி கேட்கும்போது பல பேர் குரல் தாழ்ந்துவிடுகிறது. தாழ வேண்டியதில்லை. ஒரே அறை வீட்டிலிருந்து படித்து வெள்ளைக் கோட் போடுவது பெருமைக்குரிய விஷயம். பின்னால் துணிக்கொடி தெரிகிறது, தாத்தா கட்டிலில் படுத்திருக்கிறார் என்பதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். அதைப் பார்த்துச் சிரிக்கிற சக மாணவர்தான் தன் நடத்தையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கும் தனிமை உண்டு. குளித்துவிட்டு வரும் அக்காவோ நைட்டியில் இருக்கும் அம்மாவோ அறுபது பேர் பார்க்கும் திரையில் வர வேண்டிய அவசியமில்லை. தியரி வகுப்பில் கேமராவை அணைத்து வைக்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். "மேடம், வீட்டில் தனி இடம் இல்லை, கேமரா அணைத்திருப்பேன், பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள். பின்னணியை மங்கலாக்கும் வசதி பழைய போன்களில் வேலை செய்யாது, போனும் சூடாகும். அதற்குப் பதில் வெறும் சுவர் பின்னால் வரும்படி உட்காருவது எளிது.

வைவா (வாய்மொழித் தேர்வு), ஸ்கில் டெமோ, நோயாளியோடு நேரடியாகப் பேசும் வகுப்பு இந்த மூன்றிலும் கேமரா வேண்டும். வைவாவுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டுப்போடுவதையோ ஊசிக்குத் தோலைச் சுத்தம் செய்வதையோ பார்க்காமல் எப்படி மார்க் போடுவது? நோயாளி வரும் வகுப்பிலோ, அவர் முகம் தெரியும்போது நாம் கறுப்புக் கட்டங்களாக ஒளிந்திருப்பது சரியில்லை. அந்த நேரத்துக்குக் கல்லூரி நூலகத்தையோ தோழி வீட்டையோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தெருவில் மைக் செட், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி. என்ன செய்வது?

மியூட்டில் இருங்கள், பேசும்போது மட்டும் எடுங்கள். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் வாரம், மார்கழி விடியற்காலை, பாங்கு நேரம் இதெல்லாம் நம் தெருவின் நேரங்கள். அவற்றுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். உங்கள் முறை வரும்போது சத்தம் அதிகமென்றால் சாட்டில் பதில் எழுதுங்கள்.

ஸ்லைடில் நோயாளி பெயரை மறைத்துவிட்டேன். போதுமா?

போதாது. இந்த இடத்தில்தான் நல்ல மாணவர்களும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், பெயர் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் படங்களின் மூலைகளில் பெயர், வயது, ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), எடுத்த தேதி, நேரம் எல்லாம் சின்ன எழுத்தில் படத்தோடு சேர்ந்தே வரும். ஈ.சி.ஜி. தாளின் தலைப்பகுதியில் இருக்கும். லேப் ரிப்போர்ட்டில் பார்கோடு இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் கணவர் பெயரும் போன் நம்பரும் கூட இருக்கும். நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்தது மறைக்கும் முறை. பவர்பாயிண்டில் பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வைத்தால் அந்த ஃபைல் கிடைத்த யாரும் கட்டத்தை நகர்த்திவிட்டுப் படிக்கலாம். படத்தை கிராப் செய்தாலும் வெட்டிய பகுதி ஃபைலுக்குள்ளேயே இருக்கும், அதை நீக்கத் தனிக் கட்டளை உண்டு. போனிலேயே படத்தை வெட்டி, வெட்டிய படத்தைப் புதிதாகச் சேமித்து, அதை ஸ்லைடில் போடுவதுதான் பத்திரம். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, பெயரே இல்லாமல் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்கள். "காசிமேடு, 43 வயது, விசைப்படகு டிரைவர், வலது கையில் மகள் பெயர் பச்சை" என்று எழுதினால் அந்தக் குப்பத்தில் ஒரு குழந்தை கூட அவரை அடையாளம் சொல்லும். வயதை "நாற்பதுகளில்" என்று மாற்றுங்கள். ஊரை விட்டுவிடுங்கள். பச்சை குத்திய இடம் படத்தில் வர வேண்டாம். ஆனால் தொழிலை எப்போதும் விட முடியாது. மூச்சுத்திணறலோடு வந்த வெல்டர் என்றால் வெல்டிங் என்பது நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவல். மருத்துவத்துக்கு உதவும் விவரம் இருக்கட்டும், ஆளைக் காட்ட மட்டுமே உதவும் விவரம் போகட்டும். ஒவ்வொரு வரியையும் இப்படிக் கேட்டுப் பார்த்தால் ஸ்லைடும் சுருங்கும்.

கண்ணை மட்டும் கறுப்புப் பட்டை போட்டு மறைக்கும் பழைய வழக்கத்தை நம்பாதீர்கள். தெரிந்தவர்களுக்கு மூக்கும் தாடையும் போதும்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாமா? ரெக்கார்ட் செய்யலாமா?

பாடத்தின் ஸ்லைடு என்றால் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நோயாளியின் படமோ விவரமோ இருக்கும் ஸ்லைடு என்றால் எடுக்காதீர்கள். குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால் மனதிலும் நிற்கும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? படம் போனுக்குள் வந்த பிறகு அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. வாட்ஸ்அப் படங்கள் தானாக கேலரிக்குப் போகும், கேலரியிலிருந்து கூகுள் போட்டோஸுக்கும் போகலாம், வீட்டில் அந்தப் போனைத்தான் தங்கை கேம் விளையாட எடுப்பாள். வகுப்பு குரூப்புக்கு மட்டுமாவது "மீடியா விசிபிலிட்டி"யை அணைத்து வையுங்கள்.

சட்டமும் இருக்கிறது. நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது, அடையாளம் தெரியும்படி அனுமதியில்லாமல் படம் பிரசுரிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. மனநல சிகிச்சை விவரங்களை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் காக்கிறது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ அனுப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நான் ஸ்டூடண்ட்தானே" என்பது இங்கே பதில் ஆகாது.

ஆசிரியர் முகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டிக்கர் செய்வது பற்றியும் கேட்கிறார்கள். செய்யாதீர்கள்.

நோயாளியே வீடியோவில் வரும் வகுப்பில் எப்படி நடந்துகொள்வது?

வகுப்பு தொடங்கும் முன், எத்தனை பேர் பார்க்கிறார்கள், பதிவாகிறதா, வேண்டாம் என்றால் நிறுத்தலாமா என்பதை அவருக்குப் புரியும் தமிழில் ஒருவர் சொல்ல வேண்டும். அட்மிஷன் போடும்போது வாங்கிய கையெழுத்து இதற்கு ஆகாது. வார்டில் போனைப் பிடித்திருக்கும் மாணவர்தான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வார், அதனால் நீங்கள் பழகிக்கொள்ளுங்கள். "அய்யா, உங்க நெஞ்சு வலியைப் பத்தி எங்க கிளாஸ்ல நாப்பது பசங்க போன்ல பாத்துப் படிக்கப் போறாங்க. பதிவு பண்ண மாட்டோம். உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா சொல்லுங்க, வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்று சொன்னால் யாருக்கும் புரியும். அந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர், மறுத்தால் கவனிக்க மாட்டார்கள் என்ற பயத்திலேயே தலையாட்டுவார்கள்.

வயதுக்கேற்ப அய்யா, அம்மா, அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். அவர் முன்னால் "இந்தக் கேஸ்" என்று சொல்லாதீர்கள். அவருக்குத் தெரியாத ஆங்கிலத்தில் அவர் தலைக்கு மேலேயே நாற்பது பேர் பேசினால், தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று அன்று இரவு அவர் தூங்க மாட்டார். ஆலோசனையை அவர் போன பிறகு வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஃபிரேமில் வரக் கூடாது. பெண் நோயாளி என்றால் அவரோடு ஒரு பெண் இருக்க வேண்டும், தேவையான பகுதிக்கு மேல் துணி விலகக் கூடாது. முடிந்ததும் நன்றி சொல்லுங்கள். அவர் உங்கள் ஆசிரியராக இருந்திருக்கிறார்.

அனாடமி வகுப்பில் உடல் காட்டும்போது?

உடல்தானம் செய்தவரும் நோயாளியைப் போலத்தான், ஒரு குடும்பத்தின் அப்பாவோ பாட்டியோ. எம்.பி.பி.எஸ். முதலாண்டில் உடலுக்கு மரியாதை செலுத்தி உறுதிமொழி எடுக்கிறீர்களே, அது டிஸெக்ஷன் ஹாலுக்கு மட்டும் ஆனதில்லை. திரையில் பார்க்கும்போதும் சாப்பிட வேண்டாம், கமெண்ட் வேண்டாம், படம் எடுக்கவே வேண்டாம்.

ஹார்ட் சவுண்ட் எங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. எங்கள் நெட் கோளாறா?

பல சமயம் நெட் காரணமில்லை. இதய ஒலிகள் தாழ்ந்த சுருதி, மூன்றாவது இதய ஒலியும் மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற இதய வால்வுச் சுருக்கத்தின் உறுமலும் இன்னும் தாழ்வு. போன் ஸ்பீக்கரில் அந்தச் சுருதி சரியாக வராது, இயர்போன் வேண்டும். அதோடு ஜூம் போன்ற செயலிகள் பின்னணி இரைச்சலை வடிகட்டும்போது இதய முணுமுணுப்பை (மர்மர்) ஃபேன் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். ஒலியை அனுப்புகிறவர் "ஒரிஜினல் சவுண்ட்" வசதியைப் போட வேண்டும். ஆசிரியருக்கு இது தெரியாமல் இருக்கலாம், பணிவாகச் சொல்லுங்கள். வகுப்பே பயன்பெறும்.

இதே போல நிறம். போனில் கண்ணுக்கு இதமான மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தால் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை மாதிரிதான் தெரியும். தோல் தடிப்பு, நீலம் பாய்தல், ஹிஸ்டாலஜி (திசு) ஸ்லைடு பார்க்கும் வகுப்புக்கு முன் அதை அணையுங்கள்.

ஆங்கிலத்தில் கேட்கத் தயக்கம். தமிழில் கேட்டால் தப்பா?

தப்பே இல்லை. 2020-இல் வந்த 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். பெயர்களும் சொற்களும் ஆங்கிலத்தில், கேள்வி தமிழில் என்று கலந்து சாட்டில் எழுதுங்கள். நாளைக்கு ஓ.பி.யில் நோயாளியிடம் பேசப்போவதும் தமிழில்தான். ஒருவரின் உச்சரிப்புக்கு வகுப்பு குரூப்பில் சிரிப்பு எமோஜி போடுவதை நான் ராகிங்கோடு சேர்த்துத்தான் பார்ப்பேன்.

சாட்டில் எழுதும்போது எந்த ஸ்லைடைப் பற்றி என்று குறிப்பிடுங்கள். யாருடைய கேள்விக்கோ ஆசிரியர் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில் உங்கள் கேள்வியை மூன்று முறை ஒட்டாதீர்கள், கை உயர்த்தும் பட்டன் அதற்குத்தான் இருக்கிறது.

திரையில் பெயர் "அம்மா போன்" என்று வருகிறது.

பெயரும் ரோல் நம்பரும் போட்டு மாற்றிக்கொண்டு உள்ளே வாருங்கள். நோயாளி விவரம் பேசும் வகுப்பில், யார் என்று தெரியாத ஒருவரை ஆசிரியர் வெளியே அனுப்பினால் அது சரியான முடிவு.

லாகின் செய்துவிட்டுத் தூங்கினால்? தோழிக்கு ப்ராக்ஸி (அவருக்குப் பதிலாக வருகை) போட்டால்?

எம்.பி.பி.எஸ்.ஸில் தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீத வருகை வேண்டும் என்ற அழுத்தம் எனக்குத் தெரியும். இரவு போஸ்டிங் முடித்து வந்து கண் எரிய உட்காருகிறவர்களையும் பார்க்கிறேன். முடியவில்லை என்றால் லீவ் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். ப்ராக்ஸி வேண்டாம். போடாத ஊசியைப் போட்டதாக சார்ட்டில் எழுதுவதற்கான பழக்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டேட்டா பாதி வகுப்பில் தீர்ந்துவிடுகிறது.

ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. பேக்கில் வீடியோ வகுப்பு இரண்டு வந்தால் இழுபறிதான். உங்கள் கேமராவை அணைத்து, மற்றவர்கள் வீடியோவையும் நிறுத்தி, ஸ்லைடும் குரலும் மட்டும் வைத்தால் செலவு நன்றாகக் குறையும். கிளாஸ் ரெப்பிடம் சொல்லி வையுங்கள், இணைப்பு போனால் அவர் ஆசிரியரிடம் சொல்வார். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்திலும் கூகுள் மீட் 60 நிமிடத்திலும் தானே நின்றுவிடும், அதற்கு யாரும் பொறுப்பில்லை. அதே லிங்கில் மறுபடி வாருங்கள்.

மழைக்காலத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் நின்று மின்சாரம் போகும் நாட்களில், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி, வகுப்பையே தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர்களிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: அன்று வருகைப் பதிவு எடுக்காதீர்கள்.

பஸ்ஸிலோ வார்டிலோ இருந்து வகுப்பில் சேரலாமா?

பஸ், மெட்ரோவில் காதில் கேட்டுக்கொண்டு வரலாம், பேசக் கூடாது. திரையில் கேஸ் படம் வந்தால் போனைக் கவிழ்த்துவிடுங்கள். வார்டில் இருந்தால் சேரவே வேண்டாம். வலியில் கிடப்பவர் முன்னால் காதில் இயர்போனோடு நிற்கும் நர்சை அவர் எப்படி நம்பிக் கூப்பிடுவார்?

யாரோ ஒருவர் நோயாளி படத்தைக் குரூப்பில் போட்டுவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்?

வேறு குரூப்புக்கு அனுப்பி "இது சரியா" என்று கேட்காதீர்கள். போட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு உடனே எல்லோருக்கும் நீக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம், குரூப் அட்மினும் நீக்கலாம். ஏற்கெனவே டவுன்லோடு ஆனது தானாகப் போகாது என்பதால் ஒவ்வொருவரும் தன் கேலரியிலும் கூகுள் போட்டோஸிலும் அழிக்க வேண்டும். அப்புறம் வகுப்பு ஆசிரியரிடம் அன்றே சொல்லுங்கள். குரூப் பெயர், தேதி, நேரம், எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதிக் கொடுத்தால் போதும், சாட்சிக்காகப் படத்தை நீங்கள் வைத்திருக்க வேண்டாம். நண்பனைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்துத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்தப் படத்தில் இருப்பவருக்கு அந்தக் குரூப்பில் பேச ஆள் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு சிகிச்சை தரும் மருத்துவருடையது. அவர் சொன்னாரா என்று இரண்டு நாள் கழித்து ஆசிரியரிடம் மறுபடி கேளுங்கள்.